‘யார்கிட்டயும் போகாதும்மா’: குடும்பச் சேவை நிலையத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

இதை எழுதுவதற்கு முன் அந்த அம்மாவிடம் சம்மதம் கேட்டேன். எழுதி முடித்த பிறகு ஒரு மதியம் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னார். ஒன்றை எடுத்துவிட்டேன், இன்னொன்றை மாற்றினேன். வயது, பேட்டை, பிள்ளைகளின் தொழில் போன்றவை அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டவை. நடந்த வரிசை, எடுத்த முடிவுகள், என் தவறுகள் மூன்றும் நடந்தபடியே இருக்கின்றன.

பின்னணி

2023 ஏப்ரலில் சமூகச் சேவை அலுவலகம் ஒன்றிலிருந்து எங்கள் குடும்பச் சேவை நிலையத்துக்கு ஒரு பரிந்துரை வந்தது. எழுபது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில் மூவறை வீடு, கூடவே நாற்பதுகளில் இருக்கும் இளைய மகன். மகன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. உணவங்காடி நிலையத்தில் மேசை துடைத்து, தட்டு எடுத்துக்கொண்டிருந்த அம்மாவும் மூட்டுவலியால் வேலையை விட்டிருந்தார். பியுபி பில் மூன்று மாதப் பாக்கி. (மின்சார, தண்ணீர்க் கட்டணத்தைப் பழையவர்கள் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள்.)

அரசின் காம்கேர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்க வந்த இடத்தில் அதிகாரிக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. அம்மாவின் வங்கி அட்டை மகனிடம் இருப்பதுபோல் தெரிகிறது என்று பரிந்துரையில் ஒரு வரி இருந்தது. தமிழ் பேசுபவர் வேண்டும் என்று இன்னொரு வரி. எங்கள் நிலையத்தில் அப்போது தமிழ் பேசும் சமூகப் பணியாளர் நான் ஒருத்திதான். அதனால் என்னிடம் வந்தது. அது அவருக்கு நல்லது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முதல் சந்திப்பு: படிவமும் ஒரு வாக்கியமும்

எங்கள் சந்திப்பு அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, டிஷ்யூப் பெட்டி, கதவில் பாதி மங்கலாக்கிய கண்ணாடி. முதல் நாள் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டி விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். தமிழ்ப் படிவம் இருந்தது. “தாங்கள் வழங்கும் தகவல்களின் இரகசியத்தன்மை, சட்டத்தால் வேண்டப்படும் சூழல்கள் நீங்கலாக, பேணப்படும்” என்று அதில் ஒரு வாக்கியம். வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். வீவகவிலிருந்து (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வந்த கடிதத்தைப் பார்ப்பதுபோல் அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம்தான் தெரிந்தது.

அந்தப் பயத்தைப் போக்க வேண்டும் என்ற அவசரத்தில் நான் சொன்னேன்: “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீங்க இங்க பேசறது யார்கிட்டயும் போகாது.”

“கையெழுத்து எங்க போடணும் மிஸ்?” என்றார். அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

நான் சொன்னது சொன்ன நிமிடத்திலேயே பொய். அன்று மாலையே அவர் பேசியதன் குறிப்பு கணினியில் ஏறியது. மேற்பார்வையாளர் அதைப் படித்தார். வாரக் கூட்டத்தில் நான்கு பேர் முன் அதைப் பேசினேன். இதெல்லாம் முறையான வேலைதான், நிலையத்துக்குள் நடப்பதுதான். ஆனால் “யார்கிட்டயும்” என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் இப்படி ஒரு விலக்கு கிடையாது. அலுவலக ஆங்கிலத்தில் நாங்கள் புழங்கும் ‘கான்ஃபிடென்ஷியல்’ என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு எல்லைகளும் சேர்ந்தே நினைவுக்கு வரும். தமிழில் “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்பது சத்தியம். நான் விளக்கம் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அவர் வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்.

மே மாதம்: கவனித்தவை

இரண்டாவது சந்திப்பு அவர் வீட்டில். மகன் இல்லாத நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார். வசந்தம் ஒளிவழியில் ஏதோ நாடகம் சத்தமாக ஓடியது. பேசும்போது குரலைத் தாழ்த்தினாரே தவிர, டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை. மின்தூக்கி அவர் மாடியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் பேச்சு அப்படியே நின்றது. காலடி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த சொல் வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது முறை எண்ணினேன்.

கைப்பையைச் சாமி மேடைக்குள், படங்களுக்குப் பின்னால் வைத்திருந்தார். மே மாத வெயிலில் முழங்கையைத் தாண்டும் கம்பளிச் சட்டை. நான் ஒன்றும் கேட்காமலேயே, “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன், அதான் கை கொஞ்சம்…” என்று தொடங்கி விட்டுவிட்டார். வங்கிப் புத்தகத்தைக் காட்டினார். முதியவர்களுக்கு அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரும் சில்வர் சப்போர்ட் தொகை, வந்த அன்றே முழுதாக எடுக்கப்பட்டிருந்தது.

அன்று கிளம்பும்போது என்னை “கண்ணு” என்று கூப்பிட்டார். “பார்த்துப் போ கண்ணு, கீழ தரை ஈரமா இருக்கும்.” நீங்க, மிஸ் என்பது நீ, கண்ணு என்று ஆகிவிட்டிருந்தது. குறிப்பில் நான் இதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

மே மாதக் கடைசி: அவர் சொன்னது

மூன்றாவது சந்திப்பு நிலையத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பில் பாக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று, “உன்கிட்ட மட்டும் சொல்றேன் கண்ணு. வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக் கூடாது. வாக்குக் கொடு” என்றார்.

நான் வாக்குக் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. “சொல்லுங்கம்மா” என்றேன். என் மௌனத்தை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

மகன் குடித்தால் கையை ஓங்குகிறார். மாதத்தில் இரண்டு மூன்று முறை. கம்பளிச் சட்டையை அவரே மடக்கிக் காட்டினார். மேல்கையில் நான்கு விரல் பதிந்த தடம், ஓரம் மஞ்சளாகிவிட்டிருந்தது. அதற்கு அடுத்துச் சொன்னதுதான் எங்கள் முடிவை மாற்றியது. மூன்று நாளைக்கு முன், சனிக்கிழமை இரவு, மகன் சமையலறையில் கேஸைத் திறந்துவிட்டு, “ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்” என்று சொல்லியிருக்கிறார். அம்மா மகனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அப்புறம் மகனே மூடியிருக்கிறார். “அவன் மனசுல ஒண்ணும் இல்ல. குடிச்சாத்தான்” என்று முடித்தார். மகன் கையில் அடுத்துப் பணம் வருவது சனிக்கிழமை. பணம் வந்தால் குடி.

“வாக்குக் கொடு” என்று அவர் சொன்ன இடத்தில் நான் பேச்சை நிறுத்தி, எதை என்னால் காக்க முடியும், எதை முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் வாயைத் திறந்திருப்பாரா என்று பின்னால் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “ஒருவேளை திறந்திருக்க மாட்டார். ஆனால் அது அவர் எடுத்த முடிவாக இருந்திருக்கும்” என்றார். எனக்கு இன்னமும் அந்தப் பதில் முழுதாக ஒப்பவில்லை. சனிக்கிழமை வேறு மாதிரி முடிந்திருந்தால்?

அன்று பிற்பகல்: எடுத்த முடிவும் காரணமும்

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கீழே காப்பிக் கடையிலிருந்து தே ஓ கொசோங்கும் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) இரண்டு தோசையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மேற்பார்வையாளரிடம் போனேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினோம்.

வழக்கறிஞரிடம் பேசுவதற்குச் சட்டம் தரும் காப்பு சமூகப் பணியாளரிடம் பேசுவதற்குக் கிடையாது, நீதிமன்றம் கேட்டால் எங்கள் கோப்பு போகும் என்பது எங்களுக்குத் தெரியும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு, பட்டியலிட்ட சில கடுமையான குற்றங்களைப் பற்றித் தெரிந்தவர், தக்க காரணம் இல்லாவிட்டால், போலிசிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சனிக்கிழமை நடந்தது அந்தப் பட்டியலில் எதில் சேரும் என்று பேசத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டோம். நாங்கள் வழக்கு நடத்தவில்லை, ஏழு மணிக்குள் ஒரு முடிவு வேண்டும்.

2018இல் நிறைவேறிய, எளிதில் பாதிப்படையக்கூடிய பெரியவர்களுக்கான சட்டத்தையும் எடுத்துப் பார்த்தோம். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தம்மைத் துன்புறுத்தலிலிருந்து காத்துக்கொள்ள முடியாத, 18 வயது நிரம்பியவர்களுக்கானது அது. நல்லெண்ணத்துடன் தகவல் சொல்பவரைக் காக்கிறது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. மனத்தெளிவு உள்ள ஒருவர் எப்படி வாழ வேண்டும், உதவி வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கப் பொதுவாக அவரே தகுந்தவர் என்பதும் அந்தச் சட்டம் வகுத்த கொள்கைகளில் ஒன்று. இந்த அம்மா ஊன்றுசட்டம் பிடித்து நடப்பவர். ஆனால் தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. மூட்டுவலி மட்டுமே அவரை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவராது என்றார் மேற்பார்வையாளர். வரும் என்றேன் நான். அதில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை.

உடன்பட்டது ஆபத்தின் அளவில். மிரட்டல் மூன்று நாள் பழையது. அதே சூழ்நிலை நான்கு நாளில் திரும்ப வரும். அவர் உயிர், மகன் உயிர், பக்கத்து வீடுகளில் தூங்குபவர்களின் உயிர் மூன்றும் அதில் இருந்தன. சம்மதமின்றித் தகவலைப் பகிரக் கூடாது என்னும் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான அவசரத்தில் விலக்குத் தருகிறது.

பயிற்சி வகுப்புகளில் 1976ஆம் ஆண்டின் கலிபோர்னியா தீர்ப்பொன்றைச் சொல்லித் தருவார்கள். சிகிச்சைக்கு வருபவரால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அந்த இன்னொருவரைக் காக்கும் கடமை சிகிச்சை தருபவருக்கு உண்டு என்று அதில் தீர்ப்பானது. அங்கே மிரட்டியவர் வந்து பேசினார். எங்களிடம் வந்து பேசியது மிரட்டலுக்கு ஆளானவர். ரகசியத்தைக் காப்பதும் உடைப்பதும் இங்கே ஒரே ஆளுக்காக. வகுப்பில் கற்றது அன்று அதிகம் கைகொடுக்கவில்லை.

அவருக்குத் தெரியாமல் உடனே போலிசைக் கூப்பிடுவது ஒரு வழி. அவர் சம்மதிக்கும்வரை காத்திருந்து, பாதுகாப்புத் திட்டம் மட்டும் போடுவது இன்னொன்று. முதலில் அவரிடமே சொல்லிவிட்டு, எப்படி, யார் மூலம், எந்த நேரத்தில் என்பதை முடிந்தவரை அவர் கையில் விடுவது மூன்றாவது. மூன்றாவதை எடுத்தோம். போலிசிடம் சொல்வதா வேண்டாமா என்பது மட்டும் அவர் கையில் இல்லை. அதை அவரிடம் மறைக்கவும் கூடாது.

எவ்வளவு சொல்வது என்பதையும் அப்போதே எழுதி வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை நடந்தது, கையில் இருந்த காயம், மகனின் குடி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவ்வளவுதான். கணவரைப் பற்றி அவர் சொன்ன ஒரு பழைய விஷயம் அந்தக் குறிப்பில் இல்லை. இங்கும் இல்லை.

அவரிடம் சொன்னபோது

“அம்மா, நீங்க சொன்னதை நான் எனக்குள்ளேயே வச்சுக்க முடியாது. முதல் நாள் யார்கிட்டயும் போகாதுன்னு சொன்னேன். அது தப்பு. அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்துன்னா நான் சொல்லித்தான் ஆகணும்.”

குவளையைக் கீழே வைத்தார். கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“அப்போ அன்னைக்கு எதுக்கு அப்படிச் சொன்னீங்க, மிஸ்?”

கண்ணு போய்விட்டது, நீயும் போய்விட்டது. பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ மாறிவிட்டது என்பது அவருக்கும் புரிந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவருடைய பயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தற்கொலை முயற்சி என்றால் மகனை ஜெயிலில் போடுவார்கள் என்பது முதல் பயம். பல ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவருக்கு அப்படி நடந்ததாம். 2020 ஜனவரி 1 முதல் இங்கே தற்கொலை முயற்சி குற்றம் இல்லை என்று விளக்கினேன். ஆனால் அவரை அடித்ததும் மிரட்டியதும் வேறு விஷயம், அதைப் போலிஸ் எப்படிப் பார்க்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னேன். இந்த முறை எதையும் மெழுகவில்லை.

அடுத்த பயம் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக். “போலிஸ் வண்டி கீழ நின்னா எதிர் வீட்டுல இருந்து கோயில் வரைக்கும் தெரிஞ்சுடும்.” அடிக்குப் பயந்ததைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தார் என்று எனக்குத் தோன்றியது. தவறாகவும் இருக்கலாம். பிறகு கேட்டார்: “நானே வந்து சொன்னா?”

அங்கிருந்து வேலை வேகமாக நடந்தது. அன்றிரவு சுவா சூ காங்கில் இருக்கும் மகள் வீட்டில் தங்க ஒப்புக்கொண்டார். மகளிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவரே முடிவு செய்தார், அவரே போன் போட்டுச் சொன்னார்.

அக்கம்பக்கப் போலிஸ் நிலையமும் அதற்குப் பிறகும்

மாலை நான்கரைக்குப் போனோம். நான் மொழிபெயர்க்கத் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. அதிகாரி இளம் மலாய்க்காரர். அவரைப் பார்த்ததும் இந்த அம்மா “அனாக் சாயா…” (என் பிள்ளை) என்று பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், ஆரம்பித்து, ஐந்து நிமிடம் நிற்காமல் பேசினார். என்னிடம் மூன்று சந்திப்புகளில் வராத சொற்கள் மலாயில் சரளமாக வந்தன. அப்போது அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். “உறுதி சொல்ல முடியாது மாக்சிக் (அம்மா), முயற்சி செய்கிறோம்” என்றார் அதிகாரி. முதல் நாள் நான் சொல்லியிருக்க வேண்டிய மாதிரியான பதில் அது.

மகனை அன்றிரவே மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். சில நாள் அங்கே இருந்தார். பிறகு மதுப்பழக்கத்துக்கான வெளிநோயாளிச் சிகிச்சை. அம்மா இரண்டு வாரம் மகள் வீட்டில். குடும்ப வன்முறைக்கான 1800-777-0000 உதவி எண்ணைக் கொடுத்தோம். 24 மணி நேரமும் எடுப்பார்கள். அட்டையாகக் கொடுத்தால் மகன் கண்ணில் படும் என்பதால், கைபேசியில் ‘மீன்கடை’ என்று பதிந்துகொண்டார். யோசனை அவருடையது.

இடையில் மகன் எனக்குப் போன் செய்தார். “எங்கம்மா உங்ககிட்ட என்னென்ன சொன்னாங்க?” என்று கத்தினார். இங்கே யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதைக்கூட நான் சொல்ல முடியாது என்றேன். போலிஸ் வீட்டுக்கே வந்து போன பிறகு அந்தப் பதில் எனக்கே அபத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பதிலாக வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அது அம்மாவின் வாயிலிருந்து எடுத்த சொல்லாகத்தான் இருந்திருக்கும். கத்திவிட்டு அழுதார். உங்களுக்கும் பேச ஆள் வேண்டுமென்றால் வேறொரு பணியாளரை ஏற்பாடு செய்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

மாதர் சாசனம் என்ற சட்டத்தின்கீழ் மகனுக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை கேட்க அம்மாவுக்கு வழி இருந்தது. குடும்ப வன்முறைச் சிறப்பு நிலையத்திலிருந்தே காணொளி மூலம் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். ஜூலையில் ஒருமுறை போய் விவரம் கேட்டு வந்தார். “பெத்த பிள்ளை மேல கோர்ட்டுக்குப் போறதா” என்று விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டார். அது அவர் முடிவு, குறிப்பில் அப்படியே பதிந்தோம்.

அந்த ஒருமுறைப் பயணத்தில்தான் அடுத்த தவறு நடந்தது.

அர்ச்சனை

ஊன்றுசட்டத்தோடு அவர் தனியாகப் போக முடியாது. எங்கள் தொண்டூழியர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற தமிழ்ப் பெண்மணி, காரில் அழைத்துப் போக முன்வந்தார். அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு முகவரியும் நேரமும்தான். நானோ புளோக்கின் கீழே நின்றுகொண்டு, “பையன் குடிச்சிட்டு மிரட்டறான்க்கா, அவங்க கொஞ்சம் பதட்டமா இருப்பாங்க, பார்த்துக்குங்க” என்றேன். அரை நிமிடப் பேச்சு. யாரையும் கலந்துகொள்ளவில்லை, எதையும் எடைபோடவில்லை.

காரில் போகும்போது அந்த அக்கா மகனின் பெயர், நட்சத்திரம், ராசி எல்லாம் விசாரித்திருக்கிறார். அம்மாவும் சும்மா பேச்சுக்குத்தானே என்று சொல்லியிருக்கிறார். ஆடி வெள்ளி வந்தது. அந்த அக்கா அம்மன் கோயிலில் மகன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். குருக்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னார். வரிசையில் பக்கத்தில் நின்ற தோழி, “யாருக்கு?” என்று கேட்டார். “பாவம், ஒரு அம்மா. பையனுக்குக் குடிப்பழக்கம்…” அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தோழி அதே கோயிலில் இந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க பிள்ளைக்காக நாங்களும் வேண்டிக்கிறோம்” என்றிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை நேரம் குறிக்காமலேயே நிலையத்துக்கு வந்தார். உட்காரவில்லை. முகப்பிலேயே நின்று, ஊன்றுசட்டத்தைப் பிடித்தபடி சொன்னார்: “போலிஸ்கிட்ட சொன்னீங்க. அதுக்கு ஒரு காரணம் சொன்னீங்க, எனக்கும் புரிஞ்சது. கோயில்ல சொன்னதுக்கு என்ன காரணம், மிஸ்?”

என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவர் எங்களிடம் வரவில்லை. மகள் சொல்லித் தெரிந்தது, கோயிலுக்கும் போகவில்லை.

மேற்பார்வையாளரும் நானும் மகள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். நிலையத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்துபூர்வமாகச் சொன்னோம். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்தாலோ, பாதிக்கப்பட்டவருக்குக் கணிசமான தீங்கு நேரக்கூடும் என்றாலோ தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கணிசமான தீங்கு என்பதை எப்படி அளப்பது என்று அவர் நீண்ட நேரம் ஆராய்ந்தார். அந்த அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தியதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவத்தில் இடமில்லை. தொண்டூழியரிடம் பேசினோம். “நான் வேண்டிக்கத்தானே செஞ்சேன்” என்று அழுதார். உண்மைதான். அவருக்குத் தெரியத் தேவையில்லாததைச் சொன்னவள் நான். குறிப்பிலும் அப்படித்தான் எழுதினோம்.

பின்விளைவு

செப்டம்பரில் இன்னொரு பில்லோடு திரும்பி வந்தார். வந்ததும் ஒரு கோரிக்கை வைத்தார்: “வேற ஆள் குடுங்க. தமிழ் தெரியாதவங்களா பார்த்துக் குடுங்க.”

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். இவ்வளவு சிறிய வட்டத்தில் அதே மொழி பேசும் பணியாளர் என்றால் அதே சந்தை, அதே கோயில், ஏதோ ஒரு கல்யாணத்தில் அதே பந்தி. மொழி தெரிந்தவரைக் கொடுப்பதைச் சேவையாகவே பார்த்துப் பழகியிருந்தோம். அவருக்கு அது இன்னொரு கதவு திறந்து கிடப்பது மாதிரி. போலிஸ் நிலையத்தில் அவர் மலாயில் கொட்டியதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மலாய்ச் சக பணியாளர் ஒருவரிடம் வழக்கை ஒப்படைத்தேன். எதையெதை ஒப்படைக்கிறேன் என்று அம்மாவிடம் முதலில் வாசித்துக் காட்டினேன். பழைய வங்கி அட்டை ரத்தாகிப் புதியது வந்தது, அது இப்போது மகள் வீட்டில் இருக்கிறது. கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மகள் மின்னடுப்பு வாங்கி வைத்தார். மகன் சிகிச்சைக்கு ஒரு முறை போவார், ஒரு முறை விட்டுவிடுவார். பாதி நாள் வேலைக்குப் போகத் தொடங்கினார். 2024 மார்ச்சில் வழக்கை மூடும்வரை அடியோ மிரட்டலோ நடந்ததாக அம்மாவோ மகளோ சொல்லவில்லை. கோயிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார், ஆனால் வேறு கோயில், பேருந்தில் முக்கால் மணி நேரம்.

மாற்றியவை

தமிழ்ப் படிவத்தை நாங்களே பேச்சு நடைக்கு அருகில் திருத்தி எழுதினோம். முதல் சந்திப்பில் இப்போது நான் சொல்வது ஏறக்குறைய இது: “நீங்க சொல்றதை நான் எழுதி வைப்பேன், எங்க மேற்பார்வையாளர் படிப்பார். அதுக்கு வெளியே உங்களைக் கேட்காம சொல்ல மாட்டேன். ஆனா உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னாலோ, ஒரு பிள்ளையையோ தன்னைக் காத்துக்க முடியாத பெரியவரையோ யாராவது துன்புறுத்தறாங்கன்னாலோ, கோர்ட்டு கேட்டாலோ, நான் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி, முடிஞ்சவரைக்கும் உங்ககிட்ட முதல்ல சொல்வேன்.” பிறகு, “நான் இப்போ என்ன சொன்னேன், உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்கிறேன். பலர் விலக்குகளை விட்டுவிட்டுச் சொல்வார்கள். மறுபடி சொல்ல வேண்டும்.

யாராவது “உங்ககிட்ட மட்டும்” என்று தொடங்கினால் கையை மேசைமேல் வைத்து நிறுத்துகிறேன். சிலர் அதோடு பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அந்த மாதிரி நாட்களில் வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராது, மேற்பார்வையாளரின் பதிலை நினைத்துக்கொள்வேன்.

தொண்டூழியர்களுக்குப் போகும் தாளில் இடம், நேரம், நடக்க உதவி வேண்டுமா என்பவை மட்டும். எங்கள் உறைகளில் நிலையத்தின் பெயர் இல்லை. போனில் வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்று ஒவ்வொருவரிடமும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்.

நிலையம் இன்னும் முடிவு செய்யாத ஒன்றும் இருக்கிறது. தமிழ் பேசுபவர் வேண்டுமா, வேறு மொழிக்காரர் பரவாயில்லையா என்று முதலிலேயே கேட்பதா? ஆள் பற்றாக்குறை, மொழிபெயர்ப்புச் செலவு என்று எதிர்வாதங்கள் இருக்கின்றன. என் சந்திப்புகளில் மட்டும் நான் கேட்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு பெரியவர் சிரித்துவிட்டு, “அதிருக்கட்டும், நீங்க எந்தக் கோயிலுக்குப் போவீங்க?” என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

“சரி, நான் அங்க போறதில்ல. ஆரம்பிங்க” என்றார்.